மூன்று மாத வேலையை மறைக்கலாமா?

வெளிமாநிலத்தில் வேலை தேடும் நம்மவர்கள் பலருக்கு ஒரு சங்கடம் உண்டு. சேர்ந்த கம்பெனியில் 3 மாதம்கூட நிலைக்க முடியவில்லை. பேசிய சம்பளம் வரவில்லை, அல்லது மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை. அடுத்த விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடுவதா, விட்டுவிடுவதா?

சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருந்தால் மறைத்துப் பயனில்லை. 2014 முதல் சந்தாதாரர்களுக்கு 12 இலக்க யு.ஏ.என். எண் வழங்கப்படுகிறது. கம்பெனி மாறினாலும் எண் மாறாது. எங்கே, எப்போது சேர்ந்தீர்கள் என்பது அதில் பதிவாகிவிடும். புதிய முதலாளி கேட்பதும் அதே எண்தான். முந்தைய வேலையின் தேதியை நீட்டி எழுதி இடைவெளியை மூடினால், பின்னால் தெரியவரும்போது கிடைத்த வேலையும் போகலாம்.

ஆகவே கம்பெனி பெயர், பதவி, சேர்ந்த மாதம், விலகிய மாதம் ஆகியவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். காரணம் அங்கே வேண்டாம். நேரில் கேட்டால், "பேசிய சம்பளம் கிடைக்கவில்லை, விலகினேன்" என்பதுபோல் நடந்ததை நிதானமாகச் சொன்னால் போதும். பழைய முதலாளியைத் திட்டத் தொடங்கினால், 'நாளை நம்மையும் இப்படித்தான் பேசுவார்' என்று எதிரே இருப்பவர் நினைப்பார்.

பி.எஃப். இல்லாத சில வார வேலையை பயோடேட்டாவில் விட்டுவிடலாம். ஆனால் முன்பு பார்த்த எல்லா வேலைகளையும் கேட்டுக் கையெழுத்து வாங்கும் படிவத்தில் அதையும் எழுதியே ஆகவேண்டும்.

பழைய கம்பெனி உங்கள் விலகல் தேதியைப் பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டிய இரண்டு மாதங்களுக்குப் பின் பி.எஃப். இணையதளத்தில் நீங்களே பதியலாம்.

சிபாரிசுக்கு ஆளில்லாத ஊரில், நாம் எழுதிக் கொடுக்கும் தாள்தான் நமக்கு ஜாமீன். அதில் பொய் வேண்டாம்.