டர்போ காரில் ‘பிக்கப்’ இல்லையா? டர்போவை மாற்றும் முன் கேம் டைமிங்கைப் பாருங்க!

டைமிங் பெல்ட் மாற்றி, சர்வீஸ் முடித்து வெளியே வருகிறது ஒரு டர்போ பெட்ரோல் கார். சிக்னலில் நிற்கும்போது லேசாக உதறுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பழைய வேகம் இல்லை. டர்போ ‘எழுந்து’ வர ரொம்ப நேரம் ஆகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், “டர்போ போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்று பதில் வருகிறது.

பெரிய பில் போடும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். டர்போ உண்மையிலேயே போய்விட்டதா? அல்லது பெல்ட் மாட்டும்போது கேம் சக்கரம் ஒரே ஒரு பல் தள்ளிப் போய்விட்டதா? இரண்டுக்கும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இந்தியாவில் 4 மீட்டருக்குள் நீளமும், 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு வரி குறைவு. சின்ன இன்ஜினில் பெரிய சக்தி எடுக்க டர்போவே வழி என்பதால், சின்ன கார்களிலும் இன்று டர்போ சாதாரணமாகிவிட்டது. அதனால் இது ரேஸ் பிரியர்களுக்கான விஷயம் மட்டுமல்ல.

கேம்ஷாஃப்ட் என்ன செய்கிறது?

இன்ஜினுக்குள் காற்று வரும் கதவு இன்டேக் வால்வு. எரிந்த புகை வெளியேறும் கதவு எக்ஸாஸ்ட் வால்வு. இந்தக் கதவுகளை எப்போது திறந்து எப்போது மூடுவது என்பதைத் தீர்மானிப்பது கேம்ஷாஃப்ட். கீழே இருக்கும் கிராங்க்‌ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், மேலே கேம் ஒரு சுற்று சுற்றும். இரண்டையும் இணைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின்.

இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்-ல் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இந்த வேகத்தில் சின்ன தாமதம்கூடப் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தும்.

டர்போ வந்தால் கணக்கு ஏன் மாறுகிறது?

புகை வெளியேறி முடியும் கடைசி நேரத்தில், எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். கொஞ்ச நேரம் இரண்டு கதவும் திறந்திருக்கும். இதை ‘ஓவர்லேப்’ என்கிறார்கள். டர்போ இல்லாத இன்ஜினில், வெளியே ஓடும் புகை தன் பின்னால் புதுக் காற்றையும் இழுக்கும். அதனால் அதிக ஆர்.பி.எம்-ல் ஓவர்லேப் நல்லது.

டர்போவில் கதை வேறு. புகை போகும் வழியில் டர்பைன் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றவைக்க வேண்டியிருப்பதால் புகைக்குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைவிட அதிகமானால், புகை வெளியே போகாமல் சிலிண்டருக்குள் திரும்பி வரும். சூடான பழைய புகை உள்ளே தங்கினால் சக்தி குறையும். ‘நாக்கிங்’ எனப்படும் தட்டல் சத்தமும் வரலாம். அது நீடித்தால் பிஸ்டனுக்கே ஆபத்து.

மாறாக, குறைந்த ஆர்.பி.எம்-ல் முழுதாக மிதிக்கும்போது டர்போ காற்றின் அழுத்தம் அதிகமாக இருந்தால், ஓவர்லேப் நண்பனாகிவிடும். புதுக் காற்று நேராகப் பாய்ந்து பழைய புகையைத் துடைத்துத் தள்ளும். டர்பைனும் சீக்கிரம் வேகமெடுக்கும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜின்களில், எக்ஸாஸ்ட் வால்வு மூடிய பிறகே பெட்ரோல் தெளிக்க முடியும். அதனால் வெளியே போவது வெறும் காற்றுதான். இன்டேக் குழாயில் தெளிக்கும் பழைய முறையில் பெட்ரோலும் சேர்ந்தே வீணாகும்.

முன்னே தள்ளினால்? பின்னே தள்ளினால்?

இன்டேக் கேமை முன்னே தள்ளினால் (அட்வான்ஸ்) வால்வு சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும். உள்ளே வந்த காற்று திரும்பி ஓடாமல் சிக்கிக்கொள்ளும். நகர ஓட்டத்துக்கு ஏற்ற இழுவை கிடைக்கும். ஓவர்லேப்பும் கூடும்.

இன்டேக் கேமைப் பின்னே தள்ளினால் (ரிட்டார்ட்) வால்வு தாமதமாக மூடும். அதிவேகத்தில் காற்று இன்னும் கொஞ்சம் உள்ளே வர நேரம் கிடைக்கும். ஆனால் கீழ் ஆர்.பி.எம்-ல் இழுவை போய்விடும்.

எக்ஸாஸ்ட் கேமை முன்னே தள்ளினால் புகை சூடும் வேகமும் குறைவதற்குள் டர்பைனை அடையும். ஓவர்லேப் குறையும். பதிலுக்கு, பிஸ்டனைத் தள்ள வேண்டிய சக்தியில் கொஞ்சம் புகையோடு போய்விடும்.

ஆக, ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். எல்லா வேகத்துக்கும் சரியான ஒரே செட்டிங் கிடையாது.

டியூனர்கள் என்ன செய்கிறார்கள்?

இதற்குப் பேர்போன இன்ஜின் மிட்சுபிஷியின் 4ஜி63. 1992-ல் அறிமுகமான லேன்சர் எவல்யூஷன் முதல் ஒன்பதாம் தலைமுறை வரை இந்த 2 லிட்டர் டர்போ இன்ஜின்தான். திருவள்ளூர் ஆலையில் தயாரான சாதாரண லேன்சருக்கு இது அண்ணன் முறை. இதில் நகர்த்தக்கூடிய கேம் கியர்களைப் பொருத்தி, ஓரிரு டிகிரியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் டைனோ இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பது டியூனர்களின் வழக்கம்.

வேலை இன்ஜின் ஆறிய பிறகே தொடங்கும். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சத்தில் நிற்க, மார்க்குகளைச் சேர்ப்பார்கள். கியர் போல்ட்டுகளைத் தளர்த்தி, தேவையான டிகிரி நகர்த்தி, சொல்லப்பட்ட டார்க்கில் இறுக்குவார்கள். பிறகு மிக முக்கியமான வேலை: ஸ்டார்ட் செய்யாமல், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பலம் போட்டுத் திருப்பவே கூடாது.

கேம் மாறினால் சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அளவும் மாறும். அதனால் இசியூ மேப்பையும் திருத்தியாக வேண்டும். கியரை மட்டும் திருப்பிவிட்டு, “சும்மா ஓட்டிப் பாருங்க” என்று சாவியைக் கொடுத்தால் அது டியூனிங் அல்ல.

ஒரு பல்லில் என்ன இருக்கிறது?

கேம் சக்கரத்தில் 48 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பல் என்றால் கேமில் 7.5 டிகிரி. கிராங்க் கணக்கில் 15 டிகிரி. டியூனர்கள் ஓரிரு டிகிரிக்கே பயந்து பயந்து நகர்த்தும் இடத்தில், ஒரு பல் பிசகினால் ஒரேயடியாக 15 டிகிரி!

ஒரு பல் பிசகினால் பெரும்பாலும் இன்ஜின் ஓடும், ஆனால் சோர்வாக ஓடும். இன்னும் தள்ளிப் போனாலோ, பெல்ட் அறுந்தாலோ, பிஸ்டன் மேலே வரும்போது வால்வு திறந்தே நிற்கும். பல இன்ஜின்களில் இரண்டும் மோதும். வால்வு வளைந்தால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

இன்றைய கார்களில் யார் மாற்றுகிறார்கள்?

பெரும்பாலான புதிய டர்போ பெட்ரோல் கார்களில் இந்த வேலையை இசியூவே செய்கிறது. கேமின் முனையில் உள்ள ‘ஃபேஸர்’, இன்ஜின் ஆயில் அழுத்தத்தால் கேமை முன்னும் பின்னும் திருப்புகிறது. டியூனர்கள் ஒரே இடத்தில் நிறுத்தியதை, இது ஓட்டத்துக்கு ஏற்ப நொடிக்கு நொடி மாற்றுகிறது. 2019-ல் ஹூண்டாய் அறிமுகப்படுத்திய சிவிவிடி நுட்பம் இன்னும் ஒரு படி மேலே போய், வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையே மாற்றுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஆயில். ஃபேஸரும் டர்போவும் நம்பியிருப்பது ஒரே ஆயிலைத்தான். அழுக்கு ஆயில் இரண்டையும் சேர்த்தே கெடுக்கும்.

கார் உரிமையாளர் என்ன கேட்க வேண்டும்?

* பெல்ட் அல்லது செயின் வேலைக்குப் பிறகு பிரச்சினை தொடங்கியதா? அப்படியானால் முதல் சந்தேகம் டைமிங் மீதுதான்.
* ஸ்கேனரில் பி0016 வருகிறதா? கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்வது பொருந்தவில்லை என்பது அதன் பொருள்.
* கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தார்களா? எல்லா சிலிண்டரிலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால், டைமிங் பிசகியிருக்க வாய்ப்பு அதிகம்.
* கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது? கம்பெனி சொன்ன கிரேடுதானா?
* வாரன்டி உள்ள காரா? டியூனிங் செய்யும் முன் வாரன்டி விதிகளைப் படித்துவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம். அதற்கு முன், மெக்கானிக்கிடம் ஒரே ஒரு வரி சொன்னால் போதும்: “அண்ணே, கவரைக் கழட்டி மார்க்கை ஒருவாட்டி பாத்துடுங்க.”