கேமரன் மலையில் முனகும் மோட்டார் சைக்கிள்: குற்றவாளி குளிர் மட்டுமா?

ஜார்ஜ்டவுனில் விடியற்காலையில்கூட வெப்பநிலை 23, 24 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அதனால் நம் ஊர் கப்சாய் வண்டிகளுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. பல்கலைக்கழக விடுமுறை வந்ததும் அதே வண்டிகளை சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏற்றுகிறோம். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அதிகாலையில் 16 டிகிரி. கார்புரேட்டர் வைத்த பழைய இஎக்ஸ்5, கிரிஸ் வண்டிகள் உதைக்க உதைக்க முனகுவது அங்கேதான்.

"குளிர்தான், சோக்கை இழு" என்பதே எல்லாரும் சொல்லும் வைத்தியம். அது பாதிதான் சரி.

முதலில் சரியான பாதி. பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிர்ந்த இயந்திரத்தில் அது சரியாக ஆவியாவதில்லை. சோக், காற்றின் வழியை அடைத்தோ கூடுதல் பெட்ரோல் விட்டோ கலவையைக் கெட்டியாக்குகிறது. ஆவியாவது கொஞ்சமே என்றாலும் தீப்பற்ற அது போதும். ஆகவே விடியற்காலையில் சோக் தேவை. ஓரிரு நிமிடத்தில் இயந்திரம் சூடானதும் அதை மூடிவிட வேண்டும்.

இனி மறந்துபோகும் பாதி. குளிர்ந்த காற்று அடர்த்தியானது என்று படிவம் நான்கில் படித்திருப்போம். ஆனால் உயரம் அதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. தானா ராத்தாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 84 விழுக்காடுதான். குளிரால் கூடும் அடர்த்தியைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், பினாங்கின் 30 டிகிரி வெயிலில் கிடைப்பதைவிட ஏறக்குறைய 12 விழுக்காடு குறைவான காற்றே கிடைக்கிறது. கார்புரேட்டரின் ஜெட்டுக்கோ இது தெரியாது. அதன் துளை மாறாததால், காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. கலவை ஏற்கெனவே கெட்டி! இந்த நிலையில் சூடான இயந்திரத்திற்கும் சோக்கை இழுத்து வைத்தால் கரும்புகைதான் வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். கொண்டை ஊசி வளைவில், பின்னால் காய்கறி லாரி ஏறி வரும்போது வண்டி அணைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. (புதிய எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை, உணரிகள் கணக்குப் பார்த்துக்கொள்ளும்.)

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். நுனி கறுத்து, கரி பூத்திருந்தால் கலவை கெட்டி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. பெரும்பாலும் ஜெட்டில் அடைப்பு. இளம் பழுப்பு என்றால் கார்புரேட்டரைச் சந்தேகிக்காதீர்கள்.

மலையில் இன்னொரு எதிரி தண்ணீர். மழையில் டாங்கி மூடி வழியே கசியும். பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரில் ஈரம் துளியாகவும் படியும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது, கார்புரேட்டரின் கிண்ணத்தில் அடியில் தங்கிவிடும். கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். அடியில் முத்து முத்தாக நின்றால் அது தண்ணீர். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. ஜெலுத்தோங்கில் நான் போகும் பட்டறை அண்ணன், எந்த வண்டி வந்தாலும் இதைத்தான் முதலில் செய்வார். புது கார்புரேட்டர் வாங்கச் சொல்பவரிடம், "முதலில் கிண்ணத்தை வடித்துப் பாருங்கண்ணே" என்று கேட்பதில் வெட்கமில்லை. மாணவர்களின் பணம் மரத்தில் காய்க்கவில்லையே!

இரண்டு நாள் பயணத்திற்காகக் காற்றுத் திருகைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. தொட்டே ஆக வேண்டுமென்றால், எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று கைப்பேசியில் குறித்துக்கொண்டு, மலையிறங்கியதும் பழையபடி வைத்துவிடுங்கள். மலைக்காகச் சிறிய ஜெட் மாட்டியவர்கள் ஈப்போ வருவதற்குள் அதை மாற்றியாக வேண்டும். சமவெளியின் அடர்ந்த காற்றில் அந்தக் கலவை மெலிந்துவிடும்; நெடுஞ்சாலை வேகத்தில் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகி, பினாங்குப் பாலத்தைப் பார்க்கும் முன்பே பிஸ்டன் இறுகிப்போகலாம்.