காவற்கருவியும் நமது கடமையும்

செஞ்சி வட்டாரத்தின் நிலங்களுக்கு ஏரியும் கிணறுமே உயிர்நாடி. ஏற்றமும் கவலையும் இறைத்துவந்த கிணறுகளில் இன்று மின்சார மோட்டார்கள் நீர் இறைக்கின்றன. நெல்லும் மணிலாவும் அவற்றை நம்பி விளைகின்றன. மோட்டார் ஓடவேண்டும் என்பதில் நாம் காட்டும் கவனத்தை, நிற்கவேண்டிய வேளையில் அது தவறாமல் நிற்குமா என்பதிலும் காட்டுதல் வேண்டும்.

கம்பியின் மேலுறை ஒருவகைக் காப்பு. அது இருந்த இடத்தில் இருந்தே காக்கும். ஆபத்தை உணர்ந்து, தானே இயங்கி, மின்னோட்டத்தைத் துண்டிப்பது மற்றொரு வகை. இதனையே பொறியியலார் செயற்பாட்டுப் பாதுகாப்பு என்பர். இதற்கென சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 61508 என்னும் எண்ணுள்ள தரத்தை 1998 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. 2010இல் அதைத் திருத்தியமைத்தது. நமது நாடும் அதை இந்தியத் தரமாக ஏற்றுள்ளது. எப்பொழுதோ ஒருமுறை இயங்கவேண்டிய காவல் அமைப்புகளுக்கு அது நான்கு படிகளை வகுக்கிறது. முதற்படியில், பத்துமுறை தேவைப்பட்டால் சராசரியாக ஒருமுறைக்கு மேல் தவறலாகாது. நான்காம் படியிலோ பதினாயிரத்தில் ஒருமுறைக்கு மேல் தவறலாகாது.

இத்தரம் பெரும்பாலும் ஆலைகளுக்கு உரியது. எனினும் அதன் அடிப்படைக் கருத்தை நமது கிணற்றடியிலேயே காணலாம். மோட்டார் ஸ்டார்ட்டரினுள் ஒரு காந்தச் சுருள் உண்டு. மின்சாரம் உள்ளவரை அது இணைப்பைப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்றாலும், சுருளே எரிந்துபோனாலும், ஸ்பிரிங் அவ்விணைப்பை விலக்கிவிடும். கருவி பழுதுற்றாலும் ஆபத்தில்லாத பக்கமே சாய்கிறது. மீண்டும் மின்சாரம் வந்தாலும், ஒருவர் பொத்தானை அழுத்தினாலன்றி மோட்டார் ஓடாது.

மும்முனை மின்சாரம் அகால வேளையில் வருவதால், விவசாயிகள் பலர் ‘ஆட்டோ’ என்னும் தானியங்கிக் கருவியைப் பொருத்துகின்றனர். அவர்களுடைய தேவை நியாயமானதே. ஆயினும் மேற்சொன்ன காப்பு அதனால் நீங்கிவிடுகிறது என்பதை மறக்கலாகாது. மின்சாரம் இல்லையென்று எண்ணி ஒருவர் பம்பைப் பழுதுபார்க்கையில், மோட்டார் திடீரெனச் சுழலக்கூடும். ஆகவே பம்பைத் தொடுமுன் மெயின் ஸ்விட்சை நிறுத்தி, பியூஸ் கட்டைகளைக் கழற்றி, மடியில் கட்டிக்கொள்ள வேண்டும்.

வீடுகளுக்கு உரியது மின்கசிவுத் தடுப்பான். செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. ஆனால் பல்லாண்டு அசையாதிருந்த கருவி, வேண்டிய கணத்தில் அசையாமலும் போகலாம். அதற்காகவே அதில் சோதனைப் பொத்தான் வைத்திருக்கின்றனர். மாதம் ஒருமுறை அதனை அழுத்துக. இணைப்பு துண்டிக்கப்படாவிடில் உடனே மாற்றுக.

காவற்கருவி இருந்தும் இயங்காமற்போனால் நேர்வது யாது என்பதற்குப் போபால் சான்று. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு அங்கு நச்சுவாயு வெளிப்பட்டபோது, கிடங்குத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் சில மாதங்களாகவே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரமும், அதற்குரிய குழாய் ஒன்று கழற்றப்பட்டிருந்தமையால், பயன்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

ஒரே காவலை நம்பலாகாது என்பதை நமது முன்னோரும் அறிந்திருந்தனர். செஞ்சியின் மூன்று குன்றுகளையும் மதில் சூழ்ந்துள்ளது. மதிலுக்குள் வாயில்கள் பல. ராஜகிரியின் உச்சிக்குச் செல்வோர் இறுதியில் ஒரு பாறைப் பிளவைப் பாலத்தின் வழியே கடக்கவேண்டும். ஒரு காவல் வீழ்ந்தாலும் அடுத்தது நிற்கும்படி கோட்டை அமைந்தது. நமது மின்னமைப்பிலும் எர்த் இணைப்பு, பியூஸ், ஸ்டார்ட்டர், மின்கசிவுத் தடுப்பான் ஆகிய ஒவ்வொன்றும் அத்தகைய காவலே. அடிக்கடி நின்று தொல்லை தருகிறதென்று எதனையும் கட்டிவைத்தலும், மாற்றுக் கம்பியிட்டுக் கடத்தலும் கூடா. அது ஏன் நிற்கிறது என ஆராய்ந்து பழுதை நீக்குவதே முறை. விளைச்சல் ஒருநாள் தாமதிக்கலாம். போன உயிர் மீளாது.