பிக்கப் வண்டி ஏன் குலுங்குகிறது?

பிக்கப் வண்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன்னால் ஓட்டுநர் உட்காரும் கேபின். பின்னால் சரக்கு ஏற்றும் பாடி. கர்நாடகத்தில் கோலார் சந்தைக்குத் தக்காளி இந்த வண்டியில் வருகிறது. இமாசலப் பிரதேசத்தில் மலைத் தோட்டத்தில் இருந்து ஆப்பிள் இந்த வண்டியில் இறங்குகிறது. பால் கேன், முட்டை, சிமெண்டு, வீட்டுச் சாமான் எல்லாம் இதில்தான் போகின்றன.

2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் என்ற சிறிய சரக்கு வண்டி விற்பனைக்கு வந்தது. வடநாட்டில் மக்கள் அதற்கு 'சோட்டா ஹாத்தி' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் அதுவே 'குட்டி யானை' ஆனது. சந்து பொந்துகளிலும் நுழையும். மண் பாதையிலும் போகும். இப்படிப்பட்ட சிறிய வண்டிகளால் பல குடும்பங்களுக்குப் பிழைப்புக் கிடைத்தது.

ஆனால் இந்த வண்டிகளை ஓட்டுகிறவர்கள் ஒரு குறை சொல்வார்கள். "பாரம் இல்லாமல் வந்தால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இடுப்பு விட்டுப் போகிறது" என்பார்கள். இது ஏன்? இதைக் குறைக்க வழி உண்டா? உண்டு. சிலவற்றுக்குக் காசே தேவை இல்லை.

குலுக்கல் என்ன செய்யும்?

உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடல் எல்லா அதிர்வையும் ஒரே மாதிரி தாங்காது. நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆட்டினால் அது முதுகையும் வயிற்றையும் அதிகம் பாதிக்கும். கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியில் இந்த வகை அதிர்வும் வருகிறது. ஒரு நாள் என்றால் அசதியோடு போகும். வருடக் கணக்கில் தினமும் பல மணி நேரம் என்றால் முதுகு எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற தட்டுகள் தேயும். தீராத இடுப்பு வலி வரும். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இடுப்புதான் மூலதனம். அது போனால் வண்டியும் நின்றுவிடும்.

சரக்கும் கெடும். மேல் தட்டில் உள்ள தக்காளி எகிறிக் குதித்து அடிபடும். ஏற்றும்போது நன்றாக இருந்த பழம், இறக்கும்போது கன்றிப் போயிருக்கும். சந்தையில் விலை குறையும். அந்த நட்டம் விவசாயிக்கு.

காரணம் பட்டையில் இருக்கிறது

வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். பின் சக்கரங்களின் பக்கத்தில் வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்காக இருக்கும். பாரத்தைத் தாங்குவது இந்தப் பட்டைகள்தான்.

கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். நாலு பேர் உட்காருவதற்காகக் கயிற்றை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதில் நாலு பேர் உட்கார்ந்தால் கயிறு கொஞ்சம் தொய்ந்து கொடுக்கும். ஒரு சின்னக் குழந்தை உட்கார்ந்தால்? கயிறு அசையாது. பலகை மேல் உட்கார்ந்தது போல இருக்கும்.

பிக்கப் வண்டியின் பட்டையும் அப்படித்தான். ஒரு டன் அளவுக்குப் பாரம் தாங்குவதற்காகக் கடினமாகச் செய்திருக்கிறார்கள். பாரம் இருக்கும்போது பட்டை வளைந்து கொடுக்கும். காலியாக வரும்போது வளையாது. பள்ளத்தின் அடி நேராக வண்டிக்கு வரும். வண்டியில் இருந்து நம் முதுகுக்கு வரும்.

ஆகவே காலி பிக்கப் வண்டி காரைப் போல ஓடாது. அப்படி எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் தேவைக்கு மேல் குலுங்கினால் வேறு கோளாறும் இருக்கிறது என்று பொருள். அதைச் சரி செய்யலாம்.

முதலில் டயரைப் பாருங்கள்

டயரில் காற்று அதிகமானால் டயர் கல் போல ஆகிவிடும். சிறு கல் மேல் ஏறினாலும் வண்டி துள்ளும். காற்று குறைந்தால் மெத்தென்று இருக்கும். ஆனால் அது ஆபத்து. டயர் மடிந்து மடிந்து சூடாகும். பாரத்தோடு போகும்போது வெடித்துவிடலாம்.

எவ்வளவு காற்று வேண்டும்? வண்டிக் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கும். பல வண்டிகளில் ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டிய தாளிலும் இருக்கும். முன் டயருக்கு ஓர் அளவு, பின் டயருக்கு ஓர் அளவு. பல வண்டிகளுக்குப் பாரம் இருக்கும்போது ஓர் அளவும், காலியாக இருக்கும்போது ஓர் அளவும் கொடுத்திருப்பார்கள். அதைப் படித்து, அந்த எண்ணைச் சொல்லிக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். 'வழக்கமாக அடிப்பதை அடி' என்று விட்டுவிடாதீர்கள்.

காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறி இருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

பட்டையும் ஷாக் அப்சார்பரும்

பட்டை அடியை வாங்கும். ஆனால் வாங்கிய பிறகு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பர். அதன் உள்ளே எண்ணெய் இருக்கிறது. எண்ணெய் சிறு துளைகள் வழியாக மெதுவாகப் போய் வரும். அதனால் ஆட்டம் அடங்கும்.

அது கெட்டுப் போயிருந்தால் எப்படித் தெரியும்? குழாயின் மேல் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கும். வண்டியின் முன் மூலையைக் கையால் நன்றாக அமுக்கி விடுங்கள். ஒரு முறை எழுந்து நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் தேய்ந்துவிட்டது. டயர் திட்டுத் திட்டாகத் தேய்வதும் ஓர் அடையாளம். மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் ஒரு மாதிரி ஆடும்.

பட்டையின் முனைகளில் புஷ் இருக்கும். அது தேய்ந்தால் 'டக் டக்' என்று சத்தம் வரும். புஷ் மாற்ற அதிகச் செலவு ஆகாது. கிரீஸ் அடிக்கும் முனை இருக்கும் வண்டிக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷுக்கு கிரீஸ் கூடாது. ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, பட்டையில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பட்டையை எடுக்கலாமா? கூட்டலாமா?

சிலர் மெத்தென்று ஓடட்டும் என்று ஒரு பட்டையை எடுத்துவிடுவார்கள். இது தவறு. எடுத்த பட்டையின் பாரத்தை மற்றப் பட்டைகள் சுமக்கும். முழுப் பாரத்தோடு பள்ளத்தில் விழும்போது உடைந்துவிடலாம். பட்டை உடைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

வேறு சிலர் அதிகப் பாரம் ஏற்றுவதற்காகப் பட்டையைக் கூட்டுவார்கள். இதுவும் தவறு. பட்டைதான் கூடுகிறது. பிரேக் கூடவில்லை. அச்சு கூடவில்லை. டயர் கூடவில்லை. காலியாக வரும்போது குலுக்கல் இன்னும் அதிகமாகும்.

எவ்வளவு பாரம்? கணக்குப் போடுவோம்

வண்டியின் ஆர்.சி.யில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வண்டியின் காலி எடை. மற்றொன்று பாரத்தோடு சேர்ந்த மொத்த எடை. ஓர் உதாரணம் பார்ப்போம்.

மொத்த எடை 2,900 கிலோ.
காலி எடை 1,700 கிலோ.
கழித்தால் 1,200 கிலோ.

இதில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர்ந்து 130 கிலோ. மீதி 1,070 கிலோ. தக்காளிப் பெட்டி ஒன்று, பழமும் பெட்டியுமாக 17 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 62 பெட்டி என்றால் 1,054 கிலோ. அவ்வளவுதான் ஏற்றலாம். 63-ஆவது பெட்டி அளவைத் தாண்டிவிடும்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி அதிகப் பாரம் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். உங்கள் வண்டியின் எண்களை வைத்து நீங்களே ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். பிக்கப் வண்டியிலும் அதே கதைதான். கனமான சரக்கைப் பின் கதவு ஓரம் வைத்தால் வண்டியின் முன்பக்கம் தூக்கும். ஸ்டியரிங் பிடிப்பு இல்லாமல் லேசாகிவிடும்.

கனமான சரக்கைக் கேபின் பக்கமாக வையுங்கள். கனமானது கீழே, லேசானது மேலே. இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பழம் என்றால் பெட்டியின் அடியிலும் மேலும் வைக்கோல் அல்லது காகிதம் போடுங்கள்.

காலியாக வரும்போது சிலர் மணல் மூட்டை வைப்பார்கள். அதனால் குலுக்கல் குறையும். ஆனால் டீசல் கூடுதலாகச் செலவாகும். கட்டாமல் வைத்தால் பிரேக் போடும்போது மூட்டை பாய்ந்து வரும்.

ஓட்டுகிற முறையும் முக்கியம்

வேகம் இரண்டு மடங்கு ஆனால் வண்டியின் ஆற்றல் நான்கு மடங்கு ஆகிறது. ஆகவே பள்ளத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பள்ளத்தில் இறங்கும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் வண்டியின் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். மேலும் அமுங்க இடம் இருக்காது. அடி பலமாக விழும்.

சீட்டையும் பாருங்கள். பஞ்சு அமுங்கிப் பலகை தட்டினால் புதிய பஞ்சு போடுங்கள். முதுகு சாய்ப்பில் படும்படி உட்காருங்கள். பின் பையில் பர்ஸ் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அதனால் இடுப்பு ஒரு பக்கம் சாயும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடங்கள். நீண்ட நேரம் ஓட்டிய உடனே குனிந்து மூட்டை தூக்காதீர்கள். சற்று நேரம் நடந்த பிறகு தூக்குங்கள்.

பாடியில் ஆட்கள் வேண்டாம்

கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் கூலி வேலைக்கும் பாடியில் ஆட்களை ஏற்றிப் போகிறார்கள். இது சட்டப்படி தவறு. வண்டியில் அதிகம் தூக்கிப் போடும் இடமே அதுதான். சீட்டு இல்லை. பெல்ட் இல்லை. பிடிக்க ஒழுங்கான பிடி இல்லை. ஒரு பள்ளம் போதும், ஓரத்தில் உட்கார்ந்தவர் வெளியே விழுவார். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வயதானவர்களையும் ஒருபோதும் அதில் ஏற்றக் கூடாது. என்ன பஞ்சு போட்டாலும், எந்தப் பட்டையை மாற்றினாலும் சரக்கு வண்டி பஸ் ஆகாது.

எதை முதலில் செய்வது?

காசு செலவில்லாதவை முதலில்: காற்று அளவு, சரக்கு வைக்கும் முறை, பள்ளத்தில் வேகம் குறைப்பது. பிறகு சிறு செலவு: கிரீஸ், புஷ், சீட்டுப் பஞ்சு. கடைசியில் பெரிய செலவு: ஷாக் அப்சார்பர், உடைந்த பட்டை, தேய்ந்த டயர்.

இந்த வரிசையில் செய்தால் வீண் செலவு இருக்காது. எந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்றும் தெளிவாகத் தெரியும். மெக்கானிக் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாமல், "ஏன் மாற்ற வேண்டும்?" என்று கேட்கவும் முடியும். காற்று அளவையும் ஆர்.சி.யில் உள்ள எடையையும் படிக்கத் தெரிந்தவருக்கு வண்டியும் மிச்சம், இடுப்பும் மிச்சம்.