நரம்பு முனையும் பூச்சி மருந்தும்

பயிரைத் தின்னும் புழுவும், அதன்மேல் மருந்து தெளிக்கும் ஆளும் நரம்பு வேலை செய்யும் முறையில் பெரிதும் ஒத்திருக்கின்றனர். மாலத்தியான் முதலிய பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகள் பூச்சியைக் கொல்வதும், மனிதருக்குத் தீங்கிழைப்பதும் இவ்வொற்றுமையினாலேயே.

நரம்பின் முனைக்கும் அடுத்த நரம்புக்கும் அல்லது தசைக்கும் நடுவே நுண்ணிய இடைவெளி உண்டு. அதனைக் கடந்து செய்தியைக் கொண்டு செல்வது அஸிடைல்கோலின் போன்ற இரசாயன வஸ்துக்களாம். இவ்வஸ்துக்கள் வெளிப்படும் விதத்தையும் உட்கொள்ளப்படும் விதத்தையும் முழு மூளையில் வைத்துப் பிரித்தறிதல் கடினம். ஆகையால் எளிய மாதிரி ஒன்று வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகருக்கு அருகே பாப்ரஹாமில் இருந்த விவசாய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் பிராணி உடலியல் நிலையத்தில் விட்டேக்கர் என்பார் இதற்கு வழி கண்டார். அவரும் கிரே என்பாரும் 1962-ல் அம்முறையை விவரித்தனர். மூளையைச் சர்க்கரைக் கரைசலில் மெதுவாக அரைத்து, விரைவாய்ச் சுழலும் யந்திரத்திலிட்டுப் பிரிக்க வேண்டும். அரைக்கும்பொழுது நரம்பு முனைகள் அறுபட்டு, அவற்றின் சவ்வு தானே மூடிக்கொண்டு சிறு பைகளாகின்றன. இவற்றிற்கு ஸினாப்டோஸோம் என்று பெயர்.

குளுக்கோஸும் உப்புக்களும் கலந்த நீரில், பிராணவாயு கிடைக்கும்படி வைத்தால், இப்பைகள் சில மணி நேரம் இயங்கும். அந்நீரில் பொட்டாசியத்தை மிகுத்தால், சேமித்துள்ள வஸ்து வெளிப்படும். கால்சியம் இல்லாவிடில் இவ்வெளிப்பாடு பெரிதும் தடைப்படும். வெளிப்பட்ட அஸிடைல்கோலினை என்ஸைம் ஒன்று உடனே சிதைக்கிறது. மிஞ்சும் கோலினைச் சோடியத்தின் துணையால் முனை மீண்டும் உட்கொண்டு, புதிதாக அஸிடைல்கோலினைச் செய்துகொள்கிறது. வயலுக்கு நீர் பாய்ச்சுதல் போலவே வடித்தலும் அவசியமன்றோ!

மேற்கூறிய மருந்துகள் அவ்வென்ஸைமை முடக்கி வடிகாலை அடைக்கின்றன. அஸிடைல்கோலின் தேங்குகிறது, நரம்பு ஓயாது தூண்டப்படுகிறது, பூச்சி துடித்து மடிகிறது. மனிதருக்கோ வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சுத் திணறி உயிருக்கே அபாயம் நேரும்.

இந்நஞ்சு தோல் வழியாகவும் உட்புகும். ஆகையால் காற்றுக்கு எதிர்முகமாக நின்று தெளித்தல் கூடாது. கையுறையும் உடலை மூடும் ஆடையும் அணிதல் வேண்டும். மருந்தில் நனைந்த ஆடையை அப்பொழுதே களைந்து, சோப்பிட்டுக் கழுவுக. மேற்கண்ட குறிகள் தோன்றினால், சிறிதும் தாமதியாமல், மருந்துப் புட்டியின் விவரச் சீட்டுடன் ஆளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். தேங்கிய அஸிடைல்கோலினின் வேகத்தைத் தணிக்கும் அட்ரோபின் என்னும் மாற்று மருந்தை அங்கு டாக்டர்கள் உடனே செலுத்துவர்.