கொதிக்கும் கணனிக்குத் தண்ணீர் வைத்தியம்

கூரைக்கு அடியில் அமைந்த மாடிவீடுகளில் வசிக்கும் எம்மவர்க்குக் கோடைகாலத்தில் ஓர் அனுபவம் பொதுவானது. பிள்ளையின் அறைக்கதவைத் திறந்தால் அனல் அடிக்கிறது. மேசையின் கீழுள்ள கணனியோ அரிசி ஆலை போல இரைகிறது. "அப்பா, இதுக்குத் தண்ணிக் கூலர் பூட்டவேணும், நூற்றைம்பது யூரோ தாங்கோ" என்று பிள்ளை கேட்கிறது. மின்சாரமும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று பகை என்று அறிந்து வளர்ந்த பெற்றோர் திகைத்து நிற்கின்றனர். பிள்ளை கேட்பது வீண் ஆடம்பரமா, அன்றி உண்மையான தேவையா? பணத்தைக் கொடுக்கும் முன்னர் இதனைச் சிறிது ஆராய்வது நன்று.

கணனியின் மூளை புரோசசர் எனும் சிறு சிப் ஆகும். முன்னர் அதனுள் ஒரேயொரு கரு மட்டும் இருந்தது. அதன் வேகத்தை மேன்மேலும் கூட்டியபோது வெப்பமும் கட்டுக்கடங்காமல் ஏறியது. ஆகவே ஒரே சிப்பினுள் பல கருக்களை வைக்கும் முறைக்கு நிறுவனங்கள் திரும்பின. 2001இல் ஐபிஎம் நிறுவனம் பெருங்கணனிகளுக்கென இருகருச் சிப்பை வெளியிட்டது. 2005இல் இன்ரெல், ஏஎம்டி ஆகிய நிறுவனங்கள் வீட்டுக் கணனிகளுக்கும் அதனைக் கொண்டுவந்தன. இன்று 8 அல்லது 16 கருக்கள் கொண்ட புரோசசர்கள் சாதாரண கடைகளிலேயே கிடைக்கின்றன. கருக்கள் அனைத்தும் ஒருங்கே உழைக்கும்போது, 100 முதல் 200 வாற் வரையான வெப்பம் ஒரு சிறு தகட்டில் பிறக்கிறது. பழைய 100 வாற் மின்குமிழைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதன் கடுமை புரியும்.

இவ்வெப்பத்தை அகற்ற வழிகள் இரண்டு: காற்று, அல்லது நீர். ஜேர்மனியின் வாகன வரலாறே இதற்கு நல்ல உதாரணம். ஆமை போன்ற வடிவுடைய பழைய வொக்ஸ்வாகன் 'கேபர்' வண்டியின் இயந்திரத்தைக் காற்றே குளிர்வித்தது. 1974இல் வந்த 'கொல்ப்' வண்டிக்கோ தண்ணீரும் ரேடியேற்றரும் பொருத்தப்பட்டன. யாழ்ப்பாண வீதிகளில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளின் ரேடியேற்றருக்குப் போத்தலில் தண்ணீர் வார்த்த அனுபவம் எமது மூத்தோர் பலருக்கு உண்டு. கணனியிலும் நிகழ்வது அதுவே. சிப்பின் மேல் பொருத்திய செப்புக் கட்டியினூடாக நீர் ஓடி வெப்பத்தை வாங்குகிறது. சிறு பம்பி அந்நீரை ரேடியேற்றருக்குத் தள்ளுகிறது. அங்கே விசிறி அதனை ஆற்றுகிறது. ஒரே கனவளவு காற்றைவிட நீர் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கவல்லது.

இதனை மாபெரும் அளவில் செய்துகாட்டியது மியூனிக் நகரை அடுத்த கார்சிங்கில் உள்ள லைப்னிற்ஸ் கணிப்பு நிலையம். 2012இல் அங்கு நிறுவப்பட்ட 'சுப்பர்மக்' கணனியில் 147,000க்கும் மேற்பட்ட கருக்கள் இருந்தன. அவ்வாண்டு யூன் மாதத்தில் அது உலகின் நான்காவது வேகமான கணனியாக விளங்கியது. வியப்பு யாதெனில், அதனைக் குளிர்வித்தது பனிநீர் அன்று. 40 பாகை செல்சியசை அண்மித்த வெந்நீரே! சிப் அதைவிட மிகக் கூடிய சூட்டில் இயங்குவதால் அவ்வளவு சூடான நீரும் அதற்குக் குளிர்ச்சியே. வெந்நீரை வெளிக்காற்றிலேயே ஆற்றிவிடலாமாகையால் மின்சாரத்தை விழுங்கும் குளிரூட்டி இயந்திரங்களின் தேவை பெரிதும் குறைந்தது. குளிர்காலத்தில் அவ்வெப்பம் நிலையத்தின் கட்டடங்களைச் சூடாக்கவும் உதவியது. 2025 செப்ரெம்பரில் யூலிக் நகரில் தொடக்கி வைக்கப்பட்ட 'யுப்பிற்றர்' பெருங்கணனியும் இவ்வாறு வெதுநீரால் குளிர்விக்கப்படுவதே.

வீட்டுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் ஜேர்மனிய இளைஞர்கள் மீன்தொட்டிக்கான ஏகைம் பம்பியையும் வாகன உதிரிப்பாகங்களையும் இணைத்து மலிவாக இதனைச் செய்தனர். இன்று பம்பி, குழாய், ரேடியேற்றர் யாவும் பூட்டி அடைக்கப்பட்ட தொகுதியை ஏறத்தாழ 70 முதல் 150 யூரோவுக்குள் வாங்கலாம். ஆயினும் 30 முதல் 50 யூரோ வரையான நல்ல காற்றுக் கூலர் ஒன்றே பெரும்பாலான மாணவர்களின் கணனிக்குப் போதுமானது. அதில் ஒழுகுவதற்கு நீரும் இல்லை, பழுதாவதற்குப் பம்பியும் இல்லை.

பெற்றோர் முக்கியமாக அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. தண்ணீர், சிப்பைக் குளிர்விக்குமேயன்றி அறையைக் குளிர்விக்காது. கணனி 300 வாற் மின்சாரத்தை உண்டால் 300 வாற் வெப்பமும் அவ்வறைக்குள்ளேயே வந்து சேரும். மின்கட்டணமும் இறங்காது. நாளொன்றுக்கு ஐந்து மணிநேரம் ஓடினால் 1.5 கிலோவாற் மணி செலவாகும். ஒரு கிலோவாற் மணிக்கு 40 சதம் என வைத்தால், மாதம் 18 யூரோ ஆகிறது.

எனவே முதலில் செலவில்லாத வைத்தியத்தைச் செய்து பாருங்கள். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுக் கணனியின் உள்ளே படிந்துள்ள தூசியை அகற்றுங்கள். பழைய கணனியெனில், காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். சில யூரோவே செலவு. அடுத்து, கணனியின் அடிப்படை அமைப்பில் புரோசசரின் மின்வரம்பைச் சற்றுக் குறைக்கச் சொல்லுங்கள். வேகம் சிறிதளவே குறையும். வெப்பமும் இரைச்சலும் கட்டணமும் கணிசமாக இறங்கும். பிள்ளைக்கு இவ்வேலை தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் தேவை இருப்பின், அடைக்கப்பட்ட தொகுதியையே வாங்குங்கள். தானே பாகங்களை இணைத்துப் பூட்ட விரும்பும் பிள்ளைக்கு மூன்று எச்சரிக்கைகள். கேத்தலில் வெண்மையாகப் படியும் 'கல்க்' எனும் சுண்ணாம்பு கொண்ட குழாய்நீரை ஊற்றக்கூடாது. வடித்த நீருடன் துருத்தடுப்பு மருந்து சேர்க்கவேண்டும். செப்பையும் அலுமினியத்தையும் ஒரே சுற்றில் கலக்கக்கூடாது. அரிப்பு ஏற்பட்டு ஒழுகும். கணனிக்கு மின்சாரம் கொடுக்குமுன் பம்பியை மட்டும் ஒருநாள் ஓடவிட்டு ஒழுக்கு உண்டா எனப் பார்க்கவேண்டும். பரீட்சைக்கான பாடங்கள், ஊரிலிருந்து வந்த படங்கள் முதலியவற்றையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டே வேலையைத் தொடங்கவேண்டும். சிப் கெட்டால் பணம் கொடுத்து வேறொன்று வாங்கலாம்; அழிந்த படங்களை எக்கடையிலும் வாங்க முடியாது.