பந்தாடும் பெண்கள் – 9: உட்கார்ந்திருப்பவர்களின் ஆட்டம்

1893-ஆம் ஆண்டு, மாஸசூஸெட்ஸிலுள்ள ஸ்மித் கல்லூரியில், செண்டா பெரென்ஸன் அம்மையார் கூடைப்பந்தாட்டத்தில் பெண்கள் ஓடிக் களைத்துவிடக் கூடாதே என்ற கவலையினால் ஆடுகளத்தையே மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்து, அவரவரை அவரவர் எல்லைக்குள் நிறுத்திவைத்து ஆடவிட்ட விருத்தாந்தத்தைச் சென்ற இதழில் சொன்னேன். அதே களைப்பை இன்றைய அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்கள், ஆளையே அடிக்கடி மாற்றிச் சமாளிக்கிறார்கள்.

மாற்றும் காட்சி பார்வைக்கு அற்பமானதுதான். ஸ்கோர் மேஜையருகே ஒரு பெண் வந்து காத்திருக்கிறாள், ஆட்டம் நின்றதும் ஹாரன் ஒலிக்கிறது, நடுவர் கையசைக்கிறார், வெளியே வருகிறவள், தான் இதுவரை மறித்துக்கொண்டிருந்த எதிராளியை விரலால் சுட்டிக் காட்டிவிட்டு, துண்டை வாங்கி முகத்தைத் துடைத்தபடி பெஞ்சில் சாய்கிறாள். கால்பந்துப் பந்தயங்களைப் போல் போனவள் போனவளே என்ற நிர்ப்பந்தம் இங்கே கிடையாது. 40 நிமிஷ ஆட்டத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், வரலாம்.

இதில் நஷ்டமும் உண்டு. கை நன்றாகப் பழகி, எறிந்த பந்தெல்லாம் கூடையில் விழுகிற சமயத்தில் வெளியே அழைக்கப்பட்டவள், உடம்பு ஆறிப்போய்த் திரும்பும்போது அந்த லயம் அவளோடு திரும்புவதில்லை. ஒரு பிழை செய்தால் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பெஞ்சை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஆடுகிறவளுக்கோ கூடை இன்னும் தூரமாகிவிடும். மாற்றுவது தண்டனை என்ற எண்ணம் ஒரு தடவை புகுந்துவிட்டால், எத்தனை சாமர்த்தியசாலிகள் இருந்தும் பிரயோஜனமில்லை என்பது என் அபிப்பிராயம்.

லாபத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். தென் கரோலினா சர்வகலாசாலையின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி, தாமே ஆட்டக்காரியாக மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்றவர். 2023-ஆம் ஆண்டு தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் ஐயோவா சர்வகலாசாலையிடம் 77-73 என்று தோற்றதும், அவருடைய அணியில் ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐவரும் கல்லூரியை விட்டுப் போய்விட்டார்கள். அதுவரை பெஞ்சிலிருந்து இறங்கி இறங்கி ஆடிப் பழகிய பெண்கள் இல்லாதிருந்தால், மறு பருவம் அங்கே அரிச்சுவடியிலிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

2024 ஏப்ரல் 7-ஆம் தேதி, கிளீவ்லாந்து நகரத்தில் இறுதியாட்டம். எதிரே அதே ஐயோவா. முதல் பத்துப் புள்ளிகளை ஐயோவாவே எடுத்தது. அந்த அணியின் கெய்ட்லின் கிளார்க் முதல் கால் பகுதியில் மட்டும் 18 புள்ளிகள் குவித்தார். பாக்கி மூன்று பகுதிகளிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்தவை 12. மறித்தவர்களின் திறமை ஒரு காரணம். மறிக்க வந்தவர்களின் கால்கள் புதிதாக இருந்தது மற்றொரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். தென் கரோலினா 87-75 என்று வென்று, 38 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் பருவத்தை முடித்தது. பெஞ்சிலிருந்து வந்தவர்கள் எடுத்த புள்ளிகள் தென் கரோலினாவுக்கு 37, ஐயோவாவுக்குப் பூஜ்யம்.

அன்று தென் கரோலினாவுக்காக எல்லோரையும்விட அதிகமாக 19 புள்ளிகள் எடுத்தவர் டெஸ்ஸா ஜான்சன் என்ற முதலாண்டு மாணவி. ஆட்டம் தொடங்கியபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.